தீவில் இறக்கிய முடி

செங்கோட்டு மலையான் துணை.

சாமி அர்த்தநாரிக்கு, வெண்ணந்தூரிலிருந்து அம்மா எழுதுவது. உன் அய்யனுக்கு முழங்கால் வலி குறைந்து, காலையில் ஏரிக்கரை வரை நடந்து வருகிறார். எனக்கு ஒரு குறையும் இல்லை. உன் கடிதம் வெள்ளிக்கிழமை விளக்குப் பூசை முடித்து எழுந்திருக்கும்போது வந்தது. பங்குனிக் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பல் என்றும், பினாங்கில் அய்யனுடைய பழைய கூட்டாளி கடையில் உனக்கு வேலை முடிவாகிவிட்டது என்றும் எழுதியிருந்தாய். படித்துச் சொன்னதும் அய்யன் சிரித்த சிரிப்பை நீ பார்த்திருக்க வேண்டும். அதற்குக் கீழே, மரகதத்துக்கு வைகாசித் தேரில் திருச்செங்கோட்டு மலையில் முதல் முடி இறக்க வேண்டியிருப்பதால், அதற்கு முன்னால் அவளைக் கடல் தாண்டி அழைத்துப் போவது சரியில்லை என்று நீயும் சரசுவும் பேசி, குழந்தையை எங்களிடம் விட்டுப் போவதாகவும், இரண்டு வருஷம் கழித்து வந்து அழைத்துக்கொள்வதாகவும் எழுதியிருந்தாய்.

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்று வயதுப் பேத்தி இரண்டு வருஷம் என் மடியில் இருக்கப்போகிறாள் என்றால் யாருக்குக் கசக்கும்? அன்றைக்கே ஊறுகாய்ச் சாடிகளையெல்லாம் அவளுக்கு எட்டாத பலகைக்கு ஏற்றினேன். கிணற்று மேட்டுக்கு ஒரு படல் கட்டச் சொன்னேன். மேலவீட்டுக்காரியிடம் போய்ப் பெருமையாகச் சொல்லியும் வந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்து, கடிதத்தைப் பெட்டியில் வைக்கும் முன் மறுபடி ஒரு முறை எடுத்துப் பார்த்தபோதுதான், ஓரத்தில் சரசு பென்சிலால் எழுதியிருந்தது கண்ணில் பட்டது. "அத்தை, பால் சோற்றில் கொஞ்சம் வெல்லம் போட்டால்தான் மரகதம் சாப்பிடுவாள். தூங்கும்போது என் காதைப் பிடித்துக்கொண்டு தூங்குவாள். நீங்கள் உங்கள் காதைக் கொடுங்கள்." அவ்வளவுதான். குழந்தையை விட்டுப் போக முடியாது என்று ஒரு வார்த்தை அதில் இல்லை. நான் அதைப் பிடித்துக்கொண்டு அடுக்களையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இந்த முடிவுக்குக் காரணம் நீயும் இல்லை, சரசுவும் இல்லை, மலையில் இருக்கிறவனும் இல்லை. நான் சொன்ன ஒரு பொய்தான். இருபது வருஷத்துக்கு மேலாகச் சொல்லிவருகிறேன். சரசு இந்த வீட்டுக்கு வந்த புதிதில் அவளிடமும் சொன்னேன். "என் மகனுக்கு ஆறு வயசு நடக்கற வரைக்கும் தலையில கத்தி படவிடலை, கடல் தாண்டிப் போய் வந்தும் வேண்டுதலைக் காப்பாத்தினேன், அதனாலதான் இன்னைக்கு ஆளாகி நிக்கறான்" என்று. அதைக் கேட்ட பெண் வேறு என்ன செய்வாள்? எதிரே உட்காரவைத்துச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன். படித்துவிட்டு சரசுவிடமும் கொடு. உன் தங்கைகளுக்கும் அனுப்பு. இதில் மறைக்க இனி ஒன்றும் இல்லை.

உனக்கு முன்னால் எனக்கு இரண்டு பிறந்து தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். மூத்தவன் போனபோது அய்யன் பினாங்கில் இருந்தார். சேலத்து வேட்டிகளைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோய் அங்கே விற்றுவிட்டு வருவது அவர் தொழில். செய்தி அவருக்குப் போய்ச் சேர்ந்தபோது இங்கே காரியமெல்லாம் முடிந்திருந்தது. அவர் எழுதிய பதிலைப் பள்ளிக்கூட வாத்தியார்தான் எனக்குப் படித்துச் சொன்னார். என் புருஷன் எனக்கு அழுது எழுதியதை இன்னொருவர் வாயால் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எழுத்துக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தேன். பழைய கடிதங்களையே பாடமாக வைத்துக்கொண்டு, அய்யனின் கோணல் எழுத்திலேயே படித்தேன். இன்றைக்கும் என் எழுத்து அவர் எழுத்தைப் போலச் சாய்ந்திருப்பது அதனால்தான்.

நீ பிறந்ததும் பயம் பிடித்துக்கொண்டது. ஐந்து வயது தாண்டினால் மலையில் முடி இறக்குகிறேன், அதுவரை கத்தி படாது என்று வேண்டிக்கொண்டேன். கண்ணேறு படாமலிருக்க மூக்குக் குத்தி, பாவாடை கட்டி, ஜடை போட்டு வளர்த்தேன். பெயர் அர்த்தநாரி என்று வைத்துவிட்டு வெளியே குப்பாயி என்றுதான் கூப்பிட்டோம். "பாதி ஆண் பாதி பெண் சாமி பேரை வெச்சோம், அதுபாட்டுக்கு வேலையக் காட்டீருச்சு" என்று அய்யன் கேலி செய்வார். உனக்கு நாலு வயது நடக்கும்போது அவர் மறுபடி கிளம்ப வேண்டியிருந்தது. இந்தத் தடவை ஒன்றரை வருஷம். "ஏனுங்க, போனாப் போலாமுங்க. ஆனா மூணு பேரும் போலாமுங்க. இல்லைன்னா யாருமே போகவேண்டாமுங்க" என்றேன். அவரிடம் நான் பிடிவாதமாகப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர், "நெம்ப தூரம் புள்ள. கடல்ல வாந்தி வரும்" என்றார். "வரட்டுமுங்க" என்றேன்.

என்னென்ன எடுத்துப் போனோம் என்பது இன்னும் என் நோட்டில் இருக்கிறது. வறுத்த ராகி மாவு, பொரிமாவு, அவல், புளிக்காய்ச்சல், உப்பில் போட்ட எலுமிச்சங்காய், சுக்கு, திருநீற்றுப் பை, உனக்கு நாலு பாவாடை. ரயிலில் திருச்சி வழியாக நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்தோம். கப்பல் சீட்டு எழுதின குமாஸ்தா உன்னைப் பார்த்துவிட்டு "குழந்தை பேர்?" என்றார். எனக்கு வாயில் வந்தது குப்பாயி. அவர் பெண் குழந்தை, வயது நாலு என்று எழுதிவிட்டார். அய்யன் வாயெடுக்கப் போனார். நான் அவர் கையைக் கிள்ளிவிட்டேன். சர்க்கார் காகிதத்திலேயே பெண் என்று ஆகிவிட்டால் எந்தக் கண்ணும் அண்டாது என்று எனக்குள் ஒரு கணக்கு. இதுவும் என் முட்டாள்தனம்தான்.

கப்பலில் மேல்தட்டில், பாய் விரித்து, வேட்டிக் கட்டுகளைச் சுவராக அடுக்கி, ஒரு சின்ன வீடு மாதிரி வைத்துக்கொண்டோம். முதல் நாள் நானும் அய்யனும் தலை தூக்கவில்லை. உனக்கு மட்டும் ஒன்றும் செய்யவில்லை. ராகி மாவை உருண்டை பிடித்துத் தின்றுகொண்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, இந்த ஏரிக்குக் கரை எங்க?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். மூன்றாம் நாள் நானும் எழுந்து பார்த்தேன். சாமி, அவ்வளவு தண்ணீரை நான் அதற்கு முன் நினைத்தும் பார்த்ததில்லை. கும்பிடத்தான் தோன்றியது. எனக்கு வாய்த்த நல்ல நாட்களில் அந்தக் கப்பல் நாட்களும் சேர்த்தி. சமையல் இல்லை, கிணறு இல்லை, வந்தவர் போனவர் இல்லை. அய்யனும் நானும் நீயும் நாள் முழுக்க ஒரே பாயில் இருந்தோம். கல்யாணமாகி ஒன்பது வருஷத்தில் அய்யன் என்னிடம் அவ்வளவு பேசியதில்லை.

இனித்தான் என் தப்பு. கப்பலில் நல்ல தண்ணீர் அளந்துதான் கொடுப்பார்கள், குடிக்க மட்டும். குளியல் கடல் தண்ணீரில். உப்புப் பட்டு உன் தலை சிக்குப் பிடித்தது. நான் அதை அவிழ்த்துச் சீவவில்லை. சீவினால் முடி உதிரும். வேண்டிக்கொண்ட முடி ஒவ்வொன்றும் மலையானுடையது, கடலில் போகக் கூடாது என்று என் நினைப்பு. ஊரிலும் அப்படித்தான், சீப்பில் வந்ததைக்கூட மஞ்சள் துணியில் முடிந்து வைப்பேன். அதனால் ஜடையை அவிழ்க்காமல் மேலே எண்ணெயைத் தடவி, திருநீறு பூசி, நாள்தோறும் ரிப்பனை மட்டும் மாற்றினேன். நீ தலையைச் சொறிந்தால் கையைத் தட்டிவிட்டேன்.

பக்கத்துப் பாயில் அலமேலு என்று ஆத்தூர்ப் பக்கத்துக்காரி ஒருத்தி இருந்தாள். புருஷனோடு ரப்பர்த் தோட்டத்துக்குப் போகிறவள். வாய் நீளம், மனசு சுத்தம். ஐந்தாம் நாள் உன்னை மடியில் போட்டுக்கொண்டு, "இன்னாம்மா, பொண்ணு தலையில நாத்தம் வருது. அவுத்துப் பாக்கலியா?" என்றாள்.

"வேண்டுதலுங்க. மலையில எறக்கற வரைக்கும் பாத்துப் பாத்துத்தான் வெச்சிருக்கறேன்."

"முடிய பாத்துக்கற, சரி. முடிக்கு அடியில புள்ள இருக்குதே, அத யாரு பாக்கறது?"

எனக்குச் சுருக்கென்றது. குழந்தையை அவள் மடியிலிருந்து வாங்கிக்கொண்டேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

கப்பலில் யாருக்கோ அம்மை என்று சொல்லி, எங்களை நேராகப் பினாங்கில் விடாமல், எதிரே இருந்த ஒரு தீவில் இறக்கினார்கள். நோய் இருக்கிறதா என்று வைத்துப் பார்த்து, பிறகு ஊருக்குள் அனுப்புகிற முகாம் அது. நீள நீளக் கொட்டகைகள். தென்னைமரம் நம் ஊரில் இருக்கிற மாதிரியே இருந்தது, அது ஒரு ஆறுதல். இறங்கின மறுநாள் காலையில் உனக்கு உடம்பு அனலாகக் கொதித்தது. கண் திறக்கவில்லை. டிரெஸ்ஸர் வந்தார். மருந்து கட்டுகிறவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். தஞ்சாவூர்ப் பக்கத்துத் தமிழர், வயதானவர். அவர் ஜடையைப் பிடித்ததும் நீ அலறினாய். அவரே ரிப்பனை அவிழ்த்தார். அடியில் தலை முழுக்கக் கொப்புளம், சீழ். திருநீறும் எண்ணெயும் சேறு மாதிரி அதன்மேல் அப்பிக் கிடந்தது. அதை நான் அப்போதுதான் பார்த்தேன். நாள் தவறாமல் பூசினவள் நான்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அம்மா, இதை மழிச்சு மருந்து போடணும். இன்னைக்கே" என்றார்.

"மலையிலதானுங்க எறக்கோணும். சாமிக்குச் சொன்னது. மொதல்ல ரெண்டு போயிருச்சுங்க."

"நான் ஒண்ணும் சொல்லலை. நீங்க ஒத்துக்கலைன்னா கத்தி வைக்கமாட்டேன். ஆனா சாயங்காலம் பெரிய டாக்டர் வருவார். இந்தக் காய்ச்சலைப் பார்த்தா அம்மையான்னு சந்தேகப்பட்டுத் தனிக் கொட்டகைக்கு எடுத்துண்டு போயிடுவார். அங்கே தாயாரை விடமாட்டா. அதையும் சொல்லிடறேன்."

அவர் போனதும் அய்யன் என் எதிரே உட்கார்ந்தார். அவர் கத்துவார் என்று நினைத்தேன். "புள்ள, நீ சொன்ன வேண்டுதல். நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்" என்றார். பிறகு, "மூத்தவன் போறப்ப நான் இங்கதான் இருந்தேன். தண்ணிக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாம இருந்தேன். இப்பப் பக்கத்துலயே இருக்கறேன்" என்றார். எழுந்து கொட்டகை ஓரத்தில் போய் நின்றுகொண்டார்.

நான் கண்ணை மூடி மலையானைக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஏதாவது ஒரு சொல் வரும் என்று காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. என் மடியில் நீ மூச்சு வாங்கியதுதான் கேட்டது. முதல் கொட்டகைவரை ஓடிப்போய் டிரெஸ்ஸரைக் கூட்டிவந்தேன். "கத்தி நீங்க வெக்கவேண்டாமுங்க, நான் வெக்கறேன்" என்றேன். தப்பு வந்தால் என்மேல் வரட்டும், வேறு யார் மேலும் வரக் கூடாது. அவர் கத்தரிக்கோலைக் கொடுத்து, எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். அலமேலு கூப்பிடாமலே வந்து உன் தலையைத் தன் இரண்டு கையால் தாங்கிக்கொண்டாள். நான் ஜடையை வெட்டினேன். அடியில் இருந்ததை அவர் மழித்தார். நோய்ப்பட்ட முடி, வைத்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லி, ஊரிலிருந்து நான் சேர்த்துக் கொண்டுவந்த மஞ்சள் முடிச்சோடு சேர்த்து அடுப்பில் போட்டுவிட்டார்கள். மலைக்குக் கொண்டுபோக ஒரு இழைகூட மிச்சமில்லை.

சீழ் வடித்து மருந்து கட்டினபின், சாயங்காலம் பெரிய டாக்டர் வருவதற்குள் காய்ச்சல் பாதியாக இறங்கிவிட்டது. உன்னை என்னிடமிருந்து எடுக்கவில்லை. மறுநாள் நீ கண் விழித்துத் தலையைத் தடவிப் பார்த்து, "அம்மா, தலைக்குள்ள காத்து வருது" என்றாய்.

பிறகு நடந்தது சிரிப்பு. ஆள் எண்ண வந்த குமாஸ்தா பட்டியலை வைத்துக்கொண்டு "குப்பாயி, நாலு வயசுப் பொண்ணு, எங்கே?" என்கிறார். பாவாடையை அவிழ்த்துவிட்டு அரைஞாண் கயிறும் மொட்டைத் தலையுமாக நீ நிற்கிறாய். "ஒரு பொண்ணு கொறையுது, ஒரு பையன் அதிகம்" என்று அவர் மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறார். கொட்டகை முழுக்கப் பெண் குழந்தையைத் தேடுகிறது. அய்யன் போய், "ஏனுங்க, நேத்துவரைக்கும் பொண்ணுங்க, இன்னைக்குக் காத்தாலதானுங்க பையனாச்சு" என்று கைகட்டிச் சொல்கிறார். அலமேலு, "அர்த்தநாரின்னு பேரு வெச்சா அப்படித்தான்யா" என்று தலையில் அடித்துக்கொள்கிறாள். அந்தக் குமாஸ்தாவுக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. காகிதத்தைத் திருத்த இரண்டு நாள் கூடுதலாகத் தீவில் இருந்தோம்.

பினாங்கில் இருந்த ஒன்றரை வருஷம் நீ ஒரு நாள் படுக்கவில்லை. கடைத்தெருவில் சீனக் குழந்தைகளோடு ஓடினாய், மலாய்ப் பேச்சு பேசினாய். ஆனால் நான் ஒவ்வொரு நாளும் சாமி கேட்கப்போகிறார் என்று பயந்துகொண்டே இருந்தேன். நீ தும்மினால் விளக்கேற்றினேன். ஊர் திரும்பினதும் வளர்ந்திருந்த முடியோடு உன்னை மலைக்குத் தூக்கிப்போய், பங்காளிகள் எல்லோரும் கூடியிருக்க, முதல் முடி என்று சொல்லி இறக்கினேன். அய்யன் என்னைப் பார்த்தார், வாயைத் திறக்கவில்லை. ஊரார் என் பக்தியைப் புகழ்ந்தார்கள். அந்தப் புகழ்ச்சி எனக்கு இனித்தது, சாமி. அதுதான் என் பெரிய தப்பு. கத்தரிக்கோலைக் கையில் எடுத்தது தப்பே இல்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு வருஷம் ஆனது. மலையான் கேட்கவே இல்லை. கேட்பதாயிருந்தால் அன்றைக்குக் கொட்டகையிலேயே கேட்டிருப்பார். அன்றைக்கு அவர் பேசாமல் இருந்தது, பேச வேண்டியது ஒன்றும் இல்லை, நீயே செய் என்று விட்டதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வந்த புத்தி.

ஆகையால் மரகதத்தைக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு ஆசை இல்லாமல் சொல்லவில்லை, ஆசை இருந்தும்தான் சொல்கிறேன். கப்பலில் முதல் இரண்டு நாளைக்குச் சரசுவுக்குச் சுக்கும் எலுமிச்சங்காயும் கொடு. குழந்தைக்கு நல்ல தண்ணீரில் ஒரு செம்பு தனியாக எடுத்துவை, தினமும் தலையைத் துடைத்துச் சீவுங்கள், உதிர்கிறது உதிரட்டும். யாராவது முகந்தெரியாத பெண்பிள்ளை வந்து குழந்தைக்கு இது ஆகவில்லை என்று சொன்னால், அவளோடு கோபித்துக்கொள்ளாதே, சொன்னதைப் பார். காகிதத்தில் உள்ளதை உள்ளபடி எழுதச் சொல். அந்த ஊர் வெயிலில் தலையில் ஒரு கொப்புளம் வந்தாலும், எனக்கு எழுதிக் கேட்டு மூன்று வாரம் காத்திருக்காதே. அன்றைக்கே மழித்துவிடு. சரசு அழுதால், அத்தையே இப்படித்தான் செய்தாள் என்று இந்தக் கடிதத்தைக் காட்டு.

நேற்று இதையெல்லாம் எழுதப்போகிறேன் என்று அய்யனிடம் சொன்னேன். "இத்தன வருசம் நான் வாய மூடிக்கிட்டு இருந்ததுக்கு ஒரு நல்ல வார்த்தையும் எழுதிப்போடு" என்றார். எழுதிவிட்டேன். நாங்கள் இருவரும் நாகப்பட்டினம் வந்து உங்களைக் கப்பலேற்றிவிடுகிறோம். வைகாசியில் தேருக்குப் போவேன். பங்காளிகள் எல்லோரும் வந்திருப்பார்கள், குழந்தைக்கு முடி இறக்கலையா, பேத்தி எங்கே என்று என்னைத்தான் கேட்பார்கள். "அவ அம்மாகிட்ட இருக்கறா" என்று சொல்வேன்.

உன் அம்மா.